ஒப்பேத்தின கணக்கு

சிதம்பரத்தில் பிறந்து, சிதம்பரத்திலேயே எம்.எஸ்ஸி. புள்ளியியல் முடித்து, அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இந்த ஊரில் என்ன செய்வதென்று தெரியாமல் வருடக்கணக்காக நின்றவள் ஜான்சி. கணக்கெடுப்பு வேலை எது வந்தாலும் போவாள். வீட்டில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்கப் போயிருக்கிறாள். என்ன சோப்பு போட்டுக் குளிக்கிறீர்கள் என்று கேட்கப் போயிருக்கிறாள். யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று கேட்கப் போனபோது சேத்தியாத்தோப்பில் ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். மூன்று மாத வேலை, இரண்டு மாத இடைவெளி, மறுபடி ஒரு மூன்று மாதம். அவளுடைய முப்பதுகள் இப்படியே போய்க்கொண்டிருந்தன.

கணவன் அன்பரசு கோயம்புத்தூரில் இருந்தான். குறிஞ்சிப்பாடிக்காரன், மெக்கானிக்கல் டிப்ளமோ. கடலூர்த் தொழிற்பேட்டையில் ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, பம்ப் செட்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் கூடம் ஒன்றில் வேலை கிடைத்து அங்கே போனான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருவான். மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து பேருந்து. ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மகள் இலக்கியாவை வண்டியில் வைத்து ஊரைச் சுற்றிக் காட்டுவான். அன்று சாயங்காலமே கிளம்பிவிடுவான். ஜான்சியால் அவனோடு போக முடியவில்லை. தபால் ஆபீசில் மூட்டை கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவளுடைய அப்பா சாமிக்கண்ணுவுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா இல்லை. சேத்தியாத்தோப்பில் இருக்கும் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், ஒற்றை அறை வீடு. அப்பாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போகலாம் என்றால் அன்பரசு அங்கே நான்கு பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். தனி வீட்டு வாடகை அவன் சம்பளத்துக்கு எட்டாது. ஜூனில் இலக்கியா ஒன்றாம் வகுப்பு போக வேண்டும். அதற்குள் எந்த ஊர் என்று முடிவு செய்தாக வேண்டும் என்று அவன் சொல்லிவிட்டான். பிள்ளை வளர்வதை இப்படிச் செல்போனிலேயே பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை.

இந்த நிலையில்தான், பொங்கல் முடிந்த வாரம், கடலூரிலிருந்து திருநாவுக்கரசு கூப்பிட்டார். சென்னையில் உள்ள ஒரு கணக்கெடுப்பு நிறுவனத்துக்கு அவர் இந்த மாவட்ட மேற்பார்வையாளர்.

"மேடம், இந்த வாட்டி பெரிய கணக்கு. புத்தாக்கம்."

"அப்பிடின்னா இன்னா சார்?"

"எனக்கும் நேத்துதாம்மா தெரியும். புதுசா இன்னா கண்டுபுடிச்சீங்கன்னு ஒவ்வொரு பட்டறையா போயி கேக்கணும். நம்ம ஆளுங்க இன்னாத்த கண்டுபுடிச்சான். பரோட்டாவுக்கு ரெண்டாவது வாட்டி சால்னா கேக்கறதுதான் கண்டுபுடிச்சான்."

பயிற்சி வகுப்பில்தான் ஜான்சிக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது. சிறு பட்டறைக்காரர்கள் தாங்கள் செய்த கருவியைக் கொண்டுபோய்ச் சோதித்து, திருத்தி, சான்றிதழ் வாங்கும் கூடம் ஒன்றை அரசு கட்டப்போகிறது. எந்த மாவட்டத்தில் கட்டுவது என்பதை இந்தக் கணக்கெடுப்பு சொல்லும். புதுமை செய்கிறவர்கள் அதிகம் உள்ள இடத்தில் போட்டால்தான் போட்ட காசுக்குப் பயன் என்பது கொள்கை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அப்படி ஒரு கூடம் கடலூரில் வந்தால், அனுபவம் உள்ள சோதனையாளர்கள் தேவைப்படுவார்கள். அன்பரசின் மேலாளரே அவனிடம், உங்கள் ஊரில் வந்தால் உன் பெயரைத்தான் முதலில் சொல்வேன் என்று சொல்லியிருந்தார்.

ஜான்சி அதை அப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் வேலைக்குப் போன முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பட்டறை வாசலிலும் அது அவள் கூடவே நின்றது.

கையில் கொடுத்திருந்த டேப்லெட் கணினியில் முக்கியமான கேள்வி இப்படி இருந்தது: "கடந்த மூன்று ஆண்டுகளில் தங்கள் நிறுவனம் புதிய அல்லது குறிப்பிடத்தக்க அளவில் மேம்படுத்தப்பட்ட பொருள் அல்லது செயல்முறை எதையேனும் அறிமுகப்படுத்தியுள்ளதா?" அச்சில் உள்ளபடியே படிக்க வேண்டும். ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

எல்லோரும் இல்லை என்றார்கள். வெல்டிங் கடைக்காரர் இல்லை என்றார். லேத் பட்டறைக்காரர் கேள்வி முடியும் முன்பே தலையை ஆட்டினார். ரைஸ் மில்லில், "முதலாளி ஊர்ல இல்ல, இருந்தாலும் இல்லன்னுதான் சொல்வாரு" என்றார்கள். பத்து நாள் கழித்து, போனில் அன்பரசிடம் புலம்பினாள்.

"இங்கயும் போன மாசம் அதே கணக்கு எடுத்தாங்க" என்றான் அவன். "எங்க பக்கத்து கம்பெனிக்காரன் பம்புக்கு ஊதா பெயிண்ட் அடிச்சான். புது மாடல்னு போர்டு வச்சான். கணக்குலயும் ஆமான்னு சொல்லிட்டான்."

"அதெல்லாமா கணக்கு?"

"அவனுக்குச் சொல்லத் தெரியுது ஜான்சி. சங்கத்துல கூட்டம் போட்டு, இப்பிடி கேப்பாங்க, இப்பிடி சொல்லணும்னு சொல்லிக் குடுத்துர்றாங்க. உங்க ஊர்ல எவன் சொல்லிக் குடுப்பான்?"

அதற்கு அடுத்த வாரம், புவனகிரி சாலையில் கொளஞ்சியப்பன் பட்டறைக்குப் போனாள். கொளஞ்சியப்பன் வாய் ஓயாத மனிதர். தன் புல்லட்டைப் பற்றி, தான் பழுது பார்த்த மந்திரி காரைப் பற்றி, தன் கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தைப் பற்றி, எதையும் இரண்டு பங்கு ஆக்கித்தான் சொல்வார்.

"உக்காரும்மா. லோனா?"

"லோன் இல்லண்ணே. சர்வே."

"சர்வே முடிஞ்சா லோன் வருமா?"

"வராதுண்ணே."

"அப்பறம் எதுக்கு இந்த வெயில்ல அலையற? மோர் குடி."

மோரைக் குடித்துவிட்டுக் கேள்வியைப் படித்தாள். அவ்வளவு பேசுகிற மனிதர் அந்தக் கேள்விக்கு மட்டும் சுருங்கிப்போனார்.

"அதெல்லாம் இல்லம்மா. எல்லாம் பழசுதான். நானே பழசு."

இல்லை என்பதன் மேல் விரலைக் கொண்டுபோனவள், அவருக்குப் பின்னால் நின்றிருந்த அறுவடை வண்டியைப் பார்த்தாள். சேற்றில் இறங்கும் செயின் வண்டி. அதன் பின்புறம், தகரத்தை மடித்து அடித்த நீளமான பெட்டி ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. அடியில் வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்குக் கீழே சைக்கிள் ட்யூப்பை வெட்டி மாட்டிய குழாய்கள்.

"அது இன்னாண்ணே?"

"அதுவா? அது சும்மா ஒப்பேத்துனது."

இந்தப் பக்கம் சம்பா நெல் அறுப்பதற்கு முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். ஈரம் காயும் முன் முளைக்க வேண்டும். ஆளை வைத்து அறுத்த காலத்தில் அது சரியாக இருந்தது. வண்டி வந்தபின், முளைத்த உளுந்தை எல்லாம் செயின் நசுக்கிவிட்டுப் போனது. கொளஞ்சியப்பன் உளுந்தைப் பெட்டியில் போட்டு, வண்டி அறுத்துக்கொண்டே போக, செயினுக்குப் பின்னால் விழும்படி செய்துவிட்டார். நசுங்க உளுந்தே இல்லை.

"எத்தினி வண்டிக்குப் போட்டுருக்கீங்க?"

"பத்து பன்னெண்டு இருக்கும். பனி ஜாஸ்தியா இருந்தா அடைச்சிக்கும், குச்சிய விட்டுக் குத்தணும். பெருசா ஒண்ணுமில்ல."

"இது புதுசு இல்லையாண்ணே?"

"புதுசுன்னா கம்பெனியில வர்றதும்மா. பில்லு இருக்கும், கேரண்டி இருக்கும். இது ஒப்பேத்துனது. இதப் போயி புதுசுன்னு சொன்னா நாலு பேரு சிரிப்பான்."

ஜான்சி வீட்டுக்கு வந்து கையேட்டை எடுத்து வரி வரியாகப் படித்தாள். கையேடு சொன்ன இலக்கணப்படி அந்தத் தகரப் பெட்டி புத்தாக்கம்தான். ஊதா பெயிண்ட்தான் இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை, கேள்வியும் தப்பில்லை. இந்த ஊரில் அந்தப் பொருளுக்கு வேறு பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் முதல் அவள் கேள்வியை அச்சில் உள்ளபடி படித்தாள். இல்லை என்றதும், டேபை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி, ஒப்பேத்துனது எதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள்.

அதன்பின் ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். பரங்கிப்பேட்டையில் சவுதியிலிருந்து திரும்பிய ஒருவர், தூக்கிப்போட்ட ஏ.சி.யின் உள் பாகங்களை வைத்து மழைக்காலத்திலும் மீன் காயவைக்கும் அறை செய்திருந்தார். "அல்ஹம்துலில்லாஹ், ஓடுது. இருந்தாலும் ஒப்பேத்துனதுதான்மா, சத்தத்தப் பாரு" என்றார். பண்ருட்டிப் பக்கம், முந்திரி உடைக்கும் இயந்திரத்தை இடது கைக்காரிகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றிய செல்லாயி, "எம் மருமவளுக்குச் சோத்தாங்கை வராது, அதுக்காவ ஒப்பேத்துனேன். இப்ப ஊரே வந்து கேக்குது. இம்மாம் பேரு நொட்டாங்கையின்னு எனக்கே தெரியாது" என்றாள். கடலூர் முதுநகரில் படகு இன்ஜினுக்குக் குளிர்நீர்க் குழாயைத் திருப்பி வைத்தவர்கள் மட்டும் ஒரு தெருவுக்கு இருந்தார்கள். ஜான்சி ஒவ்வொன்றையும் கையேட்டோடு ஒப்பிட்டாள். பொருந்தாததை விட்டாள். பொருந்தியதற்கு ஆம் என்று அழுத்தினாள். முதலில் இல்லை என்றவர்களிடமும் திரும்பப் போய்க் கேட்டாள்.

அந்த மாதம் அன்பரசு வந்தபோது இரண்டு பேரும் இலக்கியாவோடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கீழ் வீடு. அப்பாவுக்குப் படியேற வேண்டியதில்லை. வீட்டுக்காரம்மா, "எப்ப வர்றீங்க?" என்று கேட்டபோது அன்பரசு ஜான்சியைப் பார்த்தான், ஜான்சி, "மே கடைசியில சொல்றோம்" என்றாள். திரும்பப் பேருந்து ஏறினார்கள். பரங்கிப்பேட்டை முக்கு தாண்டியதும், "அடுப்பு மேடை கொஞ்சம் ஒசரம் இல்ல?" என்றான். வீட்டைப் பற்றி அவன் சொன்னது அது ஒன்றுதான்.

அவள் அனுப்பிய எண்களைப் பார்த்ததும் திருநாவுக்கரசின் முகம்தான் முதலில் மாறியது.

"இன்னா மேடம், பத்துல ஏழு பேரு ஆமாங்கிறான். கோயம்புத்தூர்லயே பாதிதான் வருது."

"கையேட்டுல சொன்னதுக்குப் பொருந்துது சார். ஒவ்வொண்ணுக்கும் படம் எடுத்து வச்சிருக்கேன்."

"நீ சரியாத்தான் எடுத்துருப்ப. ஆனா மெட்ராஸ்ல உக்காந்துருக்கிறவனுக்கு, கடலூர்னா புயலு, வெள்ளம், முந்திரி. அவன் நம்பணுமே."

நம்பவில்லை. ஒரு மாவட்டத்தின் எண் மற்ற எல்லாவற்றையும் விட்டுத் தனியாக மேலே போய் நின்றால், அதைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஜான்சி படித்த பாடமும் அதைத்தான் சொல்கிறது. அவளே அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பாள். சரிபார்ப்பைச் சென்னையிலிருந்து போனில் செய்தார்கள். அவள் ஆம் என்று குறித்தவர்களில் சிலரைப் பொறுக்கி எடுத்து, ஒரு பெண் சுத்தமான தமிழில் பேசினாள். கொளஞ்சியப்பனிடம் அவள் கேட்டது இதுதான்: "உங்கள் அறுவடை இயந்திரத்தில் நீங்கள் ஏதேனும் மாற்றம் செய்துள்ளதாகத் தகவல் வந்துள்ளது. அது உண்மையா?"

ஒரு வாரம் கழித்துத் திருநாவுக்கரசு ஜான்சியைக் கடலூருக்கு வரச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். எப்போதும் போல மேடம் என்று கூப்பிடவில்லை.

"பேசுன ஆள்ல முக்காவாசிப் பேரு இல்லன்னுட்டான்மா. நீ சொன்ன உளுந்து டப்பாக்காரன், அப்பிடி ஒண்ணு கெடயவே கெடயாதுன்னுட்டான். மெட்ராஸ்ல இன்னா சொல்றாங்க தெரியுமா? நீ கணக்க ஒப்பேத்திட்டியாம்."

"படம் இருக்கு சார்."

"படத்த எங்க வேணா எடுக்கலாம்ங்கிறான். நானும் சண்ட போட்டுப் பாத்துட்டேன்."

அவள் எடுத்த கணக்கு முழுவதையும் சந்தேகத்துக்குரியது என்று நீக்கிவிட்டார்கள். வெற்றிடம் விடக்கூடாது என்பதால் அந்த இடத்தில் முந்தைய கணக்கெடுப்பின் சராசரியை நிரப்பினார்கள். முந்தைய கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டம் முழுவதும், எந்தப் புதுமையும் இல்லை என்றே பதில் சொல்லியிருந்தது.

ஜான்சி நேராகப் புவனகிரி சாலைக்குப் போனாள். கொளஞ்சியப்பன் அவளைக் கண்டதும் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தார். வண்டி அங்கேயேதான் நின்றது. பின்புறத்தில் பெட்டி இல்லை. கேஸ் வைத்து அறுத்த தழும்பு மட்டும், மேலே புதிதாக மஞ்சள் பெயிண்ட்.

"ஏண்ணே இல்லன்னு சொன்னீங்க?"

"மெட்ராஸ்லேர்ந்து போனு. வண்டியில மாத்தம் பண்ணிருக்கியான்னு கேக்குறா. ஆர்.டி.ஓ. ஆபீசுன்னு எனக்குத் தெரியாதா? போன வருசந்தான் ஒருத்தன் லாரிக்குப் பாடிய நீட்டி வச்சான், வண்டியவே தூக்கிட்டானுங்க. கம்பெனியில எப்பிடி வந்துச்சோ அப்பிடியே இருக்குதுன்னு சொல்லிட்டேன். அன்னிக்கே எல்லா வண்டியிலயும் அறுத்துப் போட்டாச்சு."

"அவுங்க ஆர்.டி.ஓ. இல்லண்ணே. எங்க ஆபீசு."

கொளஞ்சியப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ பயப்படாத. யாரு வந்து எழுதிக்கிட்டுப் போனான்னு ரெண்டு மூணு வாட்டி கேட்டா. இங்க யாருமே வரலன்னு சொல்லிட்டேன். உன்னக் காட்டிக் குடுப்பனா நானு?"

ஜான்சி அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஊரில் ஓர் அதிகாரி வந்து என்ன மாற்றினாய் என்று கேட்டால், அது அபராதத்துக்குத்தான். பரிசு கொடுக்க யாரும் இதுவரை கேட்டதில்லை. கொளஞ்சியப்பன் தனக்குத் தெரிந்த வகையில் தன்னையும் காப்பாற்றிக்கொண்டார், அவளையும் காப்பாற்றியிருந்தார். அவரிடம் கோபப்பட அவளுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை.

"அடுத்த தைக்கு உளுந்துக்கு இன்னாண்ணே பண்ணுவாங்க?"

"பழையபடி நசுங்கும்" என்றார் அவர். "மோர் குடிக்கிறியா?"

மே மாதம் அறிவிப்பு வந்தது. கோயம்புத்தூரில் ஏற்கனவே இருக்கும், அன்பரசு வேலை பார்க்கும் கூடத்தையே இரண்டு மடங்கு விரிவாக்கப் போகிறார்கள். அங்குதான் தேவை அதிகம் என்பது எண்களில் தெரிந்தது. நிறுவனம் ஜான்சியைத் தன் ஆட்கள் பட்டியலிலிருந்து நீக்கியது. திருநாவுக்கரசு அதை அவளிடம் சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு நாள் போனை எடுக்காமல் இருந்தார்.

அன்பரசுக்கு விரிவாக்கப் பிரிவில் நிரந்தர வேலை கிடைத்தது. அவன் அதைச் சொன்னபோது குரலில் சந்தோசத்தை எவ்வளவு அடக்கினான் என்பது ஜான்சிக்குக் கேட்டது.

"குவார்ட்டர்ஸ் தர்றாங்க. ஒரு ரூம்பு, ஒரு கிச்சன். மூணாவது மாடி."

"லிஃப்ட்டு?"

"இல்ல."

ஜான்சி திரும்பி, படுத்திருந்த அப்பாவின் வலது காலைப் பார்த்தாள்.

"நான் வேண்டாம்னு சொல்லிரட்டா?" என்றான்.

"சொல்லிட்டு? இங்க வந்து இன்னா பண்ணுவீங்க?"

அவள் கேட்ட கேள்விகளிலேயே இந்த ஒன்றுக்குத்தான் மாவட்டம் முழுக்க ஒரே பதில் இருந்தது: ஊரை விட்டுப் போவது. இலக்கியாவின் டி.சி. வாங்கப் பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியை காரணம் கேட்கவில்லை, "சென்னையா, திருப்பூரா, கோயம்புத்தூரா?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கோணிய வாயால், "போ பாப்பா" என்றார். பிறகு, தன்னை வீட்டிலேயே விட்டுவிடும்படியும் பக்கத்து வீட்டில் சோறு கொடுப்பார்கள் என்றும் சொன்னார். பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. அவர்கள் போன வருடமே பூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டார்கள். ஜான்சி அதை அவருக்கு நினைவுபடுத்தவில்லை. அவருடைய லுங்கிகளையும் மாத்திரைகளையும் ஜெபமாலையையும் ஒரு பையில் வைத்தாள்.

சேத்தியாத்தோப்புக்கு ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனாள். அக்கா வாசலிலேயே அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. அக்கா புருசன், "வாங்க மாமா, இங்க இன்னா கொறச்சல்" என்று சொல்லிவிட்டு, எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒற்றை அறையில் பிள்ளைகளின் புத்தகங்களும் தையல் மிஷினும் அரிசி மூட்டையும் இருந்தன. கடைசியில் வாசலை ஒட்டிய நடையில், அவர் பைக்கை உள்ளே ஏற்றி நிறுத்தும் இடத்தில்தான் கட்டிலைப் போட முடிந்தது. தெருவில் விட்டால் பெட்ரோலை உருவிவிடுகிறார்கள், பைக் உள்ளே வந்தே ஆக வேண்டும்.

அக்கா புருசன் ஒரு முறை பைக்கை ஏற்றி, இடம் போதுமா என்று பார்த்தார். கட்டிலின் கால்மாட்டில் ஹேண்டில் இடித்தது. சாமிக்கண்ணு இடது காலை மடக்கிக்கொண்டார். வலது கால் தானாக மடங்காது. ஜான்சி குனிந்து அதைத் தூக்கி உள்ளே வைத்தாள். பைக் உள்ளே போனது.